இன்ஜின்காரரும் பொட்டுக்காரி மீனும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அது இல்லை. நான் எழுத நினைத்த மனிதர் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்பவர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் கையும் அவர் வாய் மாதிரியே நீண்டுவிடுமோ என்று பயம். பேனாவை எடுப்பேன், அம்மனை நினைப்பேன், மூடி வைத்துவிடுவேன்.

போன ஆடிக் கூழ் ஊற்றுதலின்போது கோயிலில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "இந்தக் கொளத்து மீனு பேசுமாங்க. ஒருத்தரு கற்பூரத்துல கை வெச்சதும் தண்ணிக்குள்ளேர்ந்து 'ஆமா'ன்னு சொல்லுச்சாம்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனியும் சும்மா இருந்தால் அம்மனுக்கே அடுக்காது என்று எழுதுகிறேன். மீன் பேசவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில். அவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். பெயர் வேண்டாம். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொந்தமாக ஓர் ஆயில் இன்ஜின் வைத்திருந்தார். கிணறு தூர் வாரவோ, குட்டையில் தண்ணீர் இறைக்கவோ வேண்டுமென்றால் வாலாஜாபாத் பக்கமிருந்தும் இருங்காட்டுக்கோட்டைப் பக்கமிருந்தும் ஆள் வரும். இன்ஜினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அதனால் நேரில் இன்ஜின்காரர். முதுகுக்குப் பின்னால் கப்சாக்காரர்.

அவர் அளந்துவிடுவதற்கு அளவே கிடையாது. ஒரு விரால் மீன் ரோட்டில் துள்ளித் துள்ளி அவரை வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்தியது என்பார். "அப்றம் இன்னாண்ணே ஆச்சு?" என்று யாராவது கேட்டால் போதும். "கண்டக்டரு அதுக்கும் டிக்கெட்டு கேட்டாம்பா. அது வாயத் தொறந்துச்சு. சில்ற இல்ல." கிளம்பாத இன்ஜினைத் திட்டியே கிளப்பினேன் என்பார். ஒரு கிணற்றுக்குள் இறங்கிக் காதை வைத்தால் மெரினா அலைச் சத்தம் கேட்கும் என்பார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது. மீசையை மட்டும் ஒரு பக்கமாகத் தடவிக்கொள்வார்.

டீக்கடையில் இளவட்டங்கள் மடக்குவார்கள். "யோவ், கற்பூரம் அணைச்சு சொல்லுய்யா பாப்போம்."

எங்கள் பக்கத்தில் அதுதான் கடைசிப் பேச்சு. அம்மன் சந்நிதியில் கற்பூரம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அதை அணைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. பொய்யாக அணைத்தால் குடும்பத்துக்கு ஆகாது, அதிலும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நான் அதை நம்புகிறவள். இன்றைக்கும் நம்புகிறேன்.

இன்ஜின்காரர் மட்டும் பிடிகொடுக்க மாட்டார். "அட போங்கப்பா. அம்மாவுக்கு ஆயிரம் வேல கீது. ஒரு விரால் மீனுக்காவ அவள எழுப்புவாங்களா?" என்று டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அவரைப் பொய்யர் என்று எனக்குச் சொல்ல வராது. என் சின்ன மகளுக்கு ஒருமுறை ஜுரம் கண்டு கண் சொருகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. பஸ்ஸும் இல்லை. இன்ஜின்காரர் சைக்கிளின் பின்னால் நான் குழந்தையோடு உட்கார்ந்துகொள்ள, படப்பை ஆஸ்பத்திரி வரைக்கும் மிதித்தார். வழி முழுக்கக் கதை. ஒரு தவளை இன்ஜின் ஓட்டிய கதை. மூச்சு வாங்குகிறது, கதை நிற்கவில்லை. குழந்தை கண்ணைத் திறந்து, "தவளைக்கு யாரு டீசல் குடுத்தாங்க?" என்று கேட்டது. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. திரும்பி வரும்போது, "ஏண்ணே இப்டி அளக்கறீங்க?" என்று கேட்டேன். "உள்ளத உள்ளபடி சொன்னா எவன்மா நின்னு கேக்கறான்?" என்றார்.

இப்போது மீனுக்கு வருகிறேன்.

எங்கள் அம்மன் கோயில் குளத்தில் ஒரு சின்ன மீன் உண்டு. சுண்டு விரலில் பாதிகூட இருக்காது. கண்ணாடி மாதிரி உடம்பு. வால் ஆரம்பிக்கிற இடத்தில் குங்குமம் வைத்தாற்போல ஒரு சிவப்புப் பொட்டு. காலை வெயில் சாய்வாக விழும்போது அல்லி இலைக்குக் கீழே கூட்டமாக நிற்கும். உடம்பு தெரியாது, பொட்டுகள் மட்டும் தெரியும். பெண்கள் நாங்கள் அதைப் பொட்டுக்காரி என்போம். அதைப் பிடிப்பதும் இல்லை, தின்பதும் இல்லை. தின்ன அதில் என்ன இருக்கிறது?

தொண்ணூற்றியொன்றில் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். அப்போதுதான் நிலம் பார்க்க அம்பாசிடர் கார்கள் வர ஆரம்பித்திருந்தன. ஊரில் கொஞ்சம் பணப்புழக்கம். குளத்தை வறண்டு போகும்படி இறைத்து, சேற்றை அள்ளி, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுச் சுத்தம் செய்து, பெரிய ஜாதிக் கெண்டைக் குஞ்சுகளை வாங்கிவிடுவது என்று தர்மகர்த்தா முடிவு செய்தார். தப்பான எண்ணம் ஒன்றும் இல்லை. குளம் அவ்வளவு பாசி பிடித்துக் கிடந்தது.

இறைக்க இன்ஜின்காரரைத்தான் கூப்பிட்டார்கள். ஆடி பிறந்த சமயம். குழாயைத் தண்ணீரில் இறக்கி, கைப்பிடியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பினார். தண்ணீர் கால்வாயில் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அவர் குனிந்து எதையோ பார்த்தார். உடனே இன்ஜினை நிறுத்திவிட்டார். குழாய் முனையில் இருக்கும் சல்லடையில் பொட்டுக்காரிகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. சிவப்புச் சிவப்பாக.

"ஏன்யா நிறுத்திட்ட?" என்றார் தர்மகர்த்தா.

"மொதல்ல இதுங்கள வேற தண்ணிக்கு மாத்தணும். இந்த மீனு ஒலகத்துலயே வேற எங்கியும் கெடையாது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஆரம்பிச்சிட்டாருடா."

"டிக்கெட் எடுத்து வந்த மீனாண்ணே இது?"

"நெஜமாதாம்பா சொல்றேன். இது அழிஞ்சா திரும்ப வராது."

"நீ என்னிக்கு நெஜம் சொன்ன, இன்னிக்கு சொல்ல?" என்றார் தர்மகர்த்தா. "நாள் நெருங்கிகினு கீது. நீ இறைக்கலன்னா வேற இன்ஜினு கொண்டாருவேன்."

யாரோ குரல் கொடுத்தார்கள். "கற்பூரம் அணைச்சு சொல்லட்டும். நம்பறோம்."

வழக்கம்போல நழுவிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் சல்லடையைப் பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "கொண்டாங்க" என்றார்.

அவருடைய ஒரே மகள் செல்வியை வாலாஜாபாத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது அஞ்சு மாசம். தலைச்சன் பிள்ளை.

விஷயம் தெரிந்து அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், கை மாவோடு ஓடி வந்தார். "யோவ்! உனக்கு இன்னா புத்தி பேதலிச்சுப் போச்சா? புள்ள மாசமா கீறா! உன் வாய்க்கு இத்தினி நாளா கெடச்சதெல்லாம் பத்தாதா? வயித்துப் புள்ளயா வேணும்?"

பூசாரி சந்நிதிப் படியில் கற்பூரம் ஏற்றிவிட்டார். நான் அண்ணியைப் பிடித்துக்கொண்டு இன்ஜின்காரருக்குப் பக்கத்தில் நின்றேன். இன்ஜின்காரர் கையை நெருப்புக்கு மேலே நீட்டினார். "அம்மா தாயே, இந்த மீனு ஒலகத்துலயே..." என்று ஆரம்பித்தார்.

நிறுத்திவிட்டார்.

அந்த ஒரு நொடி இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. உதடு அசைகிறது, வார்த்தை வரவில்லை. கையில் சூடு ஏறுகிறது, எடுக்கவும் இல்லை. அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, எனக்குப் பழக்கமே இல்லாத சின்னக் குரலில் சொன்னார்:

"ஒலகமெல்லாம் நான் பாக்கல தாயே. வாலாஜாபாத்துலேர்ந்து இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் நான் கொழா எறக்கின கெணறு, ஏரி, குட்டை எதுலயும் இந்த மீன நான் பாத்ததில்ல. இங்கதான் பாத்தேன். வேற எங்கியாச்சும் கீதா இல்லியான்னு எனக்குத் தெரியாது. அவ்ளோதான்."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் அணைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற வார்த்தையை ஊரே அன்றைக்குத்தான் கேட்டது. தர்மகர்த்தா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "சரி. மொதல்ல மீன எடுங்க. அப்றம் இறைக்கலாம்."

பெண்கள் நாங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினோம். புடவைத் துணியாலேயே வலை. குடத்திலும் அண்டாவிலும் மொண்டு கோயில் கிணற்றில் விட்டோம். கிணறு கொள்ளாது என்று மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போனோம். எங்கள் வீட்டு அண்டாவிலும் ஒரு கூட்டம் குடியிருந்தது. காக்கை கொத்தாமல் வேட்டி போட்டு மூடி, குளத்து அல்லி இலையைப் பிய்த்துப் போட்டு வைத்தேன். சில செத்தும் போயின. ஒவ்வொன்று மிதக்கும்போதும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணியின் குரல் வரும். "எத்தினிடி போச்சு?" "அதெல்லாம் கேக்காதீங்க அண்ணி. மிச்சம் கீது."

இன்ஜின்காரர் சொன்னதன்பேரில் பிளீச்சிங் பவுடர் போடவில்லை. பெரிய கெண்டைக் குஞ்சும் வேண்டாம் என்று விட்டார்கள். சேறு மட்டும் அள்ளினார்கள். ஆவணியில் கும்பாபிஷேகம் அமோகமாக நடந்தது. வெளியூர் சனம் நிறைய. வாலாஜாபாத் சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள்.

வினை அங்கேதான் வந்தது. மைக் பிடித்தவருக்கு உற்சாகம். "உலகத்திலேயே வேறெங்கும் இல்லாத அதிசய மீன் நமது திருக்குளத்தில் இருப்பதாக, கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த நமது இன்ஜின்காரர் அவர்களுக்கு..." என்று சொல்லி ஒரு துண்டு போட்டார்கள். நான் அவரைப் பார்த்தேன். அவர் திருத்தவில்லை. மீசையை ஒரு பக்கமாகத் தடவிக்கொண்டு நின்றார். பாவம், அத்தனை வருஷத்தில் அத்தனை பேர் அவரை நம்பி ஒரு இடத்தில் நின்றது அன்றைக்குத்தானே.

அந்தப் பேச்சு எங்கெங்கோ போயிருக்கிறது. கொஞ்ச நாளில் பட்டணத்துக் காலேஜில் மீன்களைப் பற்றிப் பாடம் நடத்தும் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். பயபக்தியான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கோயில் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒன்றை மொண்டு கண்ணாடி பாட்டிலில் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப அபூர்வமான ஜாதி. இந்தப் பக்கம் இருக்கான்னே சந்தேகமா இருந்தது. காப்பாத்தினீங்களே!" என்று கும்பிட்டார். கூடவே இதையும் சொன்னார். "தெற்கே ஒண்ணு ரெண்டு இடத்துல முன்னாடி பார்த்திருக்காங்க. அங்கயும் இப்போ குறைஞ்சிட்டு வருது."

எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் அவர் சொன்னதன் பின்பாதி மட்டும் பஸ் ஏறி வாலாஜாபாத் போய்ச் சேர்ந்துவிட்டது. 'தெக்க அந்த மீனு கீதாம். அப்ப அந்தாளு பண்ணது பொய் சத்தியம்.'

செல்விக்கு வளைகாப்பு போட்டுத் தலைப் பிரசவத்துக்கு அழைத்து வர நாள் கேட்கப் போன அண்ணி, அழுதுகொண்டே திரும்பி வந்தார். சம்பந்தியம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாராம். "பொய் சத்தியம் பண்ண வூட்டுக்கு மாசமா கீற பொண்ண நான் அனுப்ப மாட்டேன். பிரசவம் இங்கியே ஆவட்டும். உங்க வூட்டுத் தண்ணி கூட அவ வாயில படக் கூடாது." செல்வி கதவுக்குப் பின்னால் நின்று, "அம்மா, எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று அழுதுகொண்டே கேட்டிருக்கிறாள். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

இன்ஜின்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "நான் அப்டிச் சொல்லவேயில்லயே தங்கச்சி" என்றார் என்னிடம்.

"மைக்குல சொல்லும்போது பல்லக் காட்டிகினு நின்னல்ல?" என்றார் அண்ணி.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் இரண்டு பேரோடும் நானும் வாலாஜாபாத் கிளம்பினேன். பஸ்ஸில் அண்ணி அவரிடம் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "அங்க வந்து நீ வாயத் தொறக்கக் கூடாது."

சம்பந்தியம்மா கண்டிப்பான மனுஷி, ஆனால் கெட்டவர் இல்லை. பாய் போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு அவரைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க சம்பந்தி. கற்பூரத்து மேல இன்னா சொன்னீங்க?" என்றார்.

இன்ஜின்காரர் வாயைத் திறந்தார். அண்ணியைப் பார்த்தார். மூடிக்கொண்டார். "நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்கம்மா. நம்பாததுக்கு நாயமும் கீது. எந்தங்கச்சி பக்கத்துல நின்னுகினு இருந்துச்சு. அது சொல்லட்டும்."

நான் சொன்னேன். 'உலகமெல்லாம் நான் பார்க்கவில்லை' என்பதிலிருந்து 'அவ்வளவுதான்' வரைக்கும், அவர் சொன்ன வார்த்தையாகவே.

"அதான் சொன்னாரா? வேற எங்கியாச்சும் கீதா தெரியாதுன்னு?"

"ஆமாங்க."

"பக்கத்து வூட்டுக்காரின்னு ஒத்து ஊத வந்தியா?"

"உங்க பூஜை ரூம்புல கற்பூரம் இருந்தா ஏத்துங்கம்மா."

வாயிலிருந்து வந்துவிட்டது. சம்பந்தியம்மா ஏற்றிவிட்டார். எனக்கும் இரண்டு குழந்தைகள். கை நீட்டும்போது அவர் நீட்டியதும் நிறுத்தியதும் ஞாபகம் வந்தது. ஏன் நிறுத்தினார் என்று அந்தச் சூட்டில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஒரு வார்த்தை கூடிவிடாமல், குறைந்துவிடாமல், மணியை நூலில் கோக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அணைத்தேன். சுட்டது, கொப்பளிக்கவில்லை.

சம்பந்தியம்மா அணைந்த கற்பூரத்தின் கரியை விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "ஏண்டி, அப்பா அம்மா வந்து எவ்ளோ நேரமாவுது, காபி கீபி போட மாட்டியா?" என்றார். அவ்வளவுதான். அண்ணி அந்தப் பாயிலேயே முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். செல்வி ஓடி வந்து, "மெதுவாம்மா, மெதுவா" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அவர் தொடங்கிய வாக்கியத்தை முடித்திருந்தால், காலேஜ்காரர் சொன்னதோடு அது பொய் சத்தியம் ஆகியிருக்கும். யார் கற்பூரம் ஏற்றியும் மீட்டிருக்க முடியாது. அவரை நிறுத்தியது அண்ணியின் முகமா, மகள் நினைப்பா, அம்மனா? மூன்றும் ஒன்றுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வளைகாப்பு நடந்தது. செல்வி எங்கள் தெருவுக்கு வந்தாள். ஐப்பசி அடைமழையில் குளம் நிரம்பியது. கிணற்றிலிருந்தும் அண்டாக்களிலிருந்தும் பொட்டுக்காரிகளைத் திரும்ப விட்டோம். விட்டதும் எல்லாம் கலங்கல் தண்ணீரில் எங்கேயோ போய்விட்டன. நாலைந்து காலை நான் போய் நின்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. போச்சு என்றே நினைத்தேன். செல்விக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள், விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனவள் படியில் இறங்கினேன். மழை விட்டுச் சாய்வாக வெயில் விழுந்தது. கீழே, தண்ணீர் தெளிந்த ஒரு மூலையில், சிவப்புப் பொட்டுகள். பெரியவற்றுக்கு நடுவே எள்ளு மாதிரி குஞ்சுகளும். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது எதிரே இன்ஜின்காரர் சைக்கிளில் வந்தார். "பொண்ணு! தாயும் புள்ளயும் சொகம்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். நான் அவருக்குக் குளத்தைச் சொன்னேன், அவர் எனக்குக் குழந்தையைச் சொன்னார். இரண்டு பேருமே மற்றவர் சொன்னதை அப்படியே நம்பினோம்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார். குழந்தை முதுகில் சிவப்புப் பொட்டோடு பிறந்ததாம். நர்சு பயந்து போய் அவர் காலில் விழுந்தாளாம். அவர் கை வைத்தபோது கற்பூர நெருப்பு பனைமரம் உயரத்துக்கு எழும்பியதாம். "கற்பூரம் அணைச்சு சொல்றியா?" என்று ஒருவன் கேட்டான். "அதான் ஒருவாட்டி அணைச்சாச்சே. அம்மாவுக்கு ஆயிரம் வேல கீது" என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. குளத்துக்கு அந்தப் பக்கம் இப்போது கம்பெனி மதில். ஷிப்டு முடிந்து வருகிற பிள்ளைகள் படியில் உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள். பொட்டுக்காரி இருக்கிறது. போன வெள்ளிக்கிழமையும் பார்த்தேன்.

இதைப் படிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொல்வீர்கள், சொல்லத்தான் வேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சேர்த்துச் சொல்லாதீர்கள். கேட்கிறவர் முகம் மலரும்போது கொஞ்சம் சேர்க்க ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. ஒரு வார்த்தை கூடியதால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மீன் பேசவில்லை. நெருப்பு ஒரு சாணுக்குமேல் எழவில்லை. குழந்தையை முதன்முதலில் குளிப்பாட்டியவள் நான்தான். அதன் முதுகில் பொட்டு எதுவும் இல்லை. வாலாஜாபாத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் அவர் குழாய் இறக்கிய தண்ணீரில் அந்த மீனை அவர் பார்த்ததில்லை, இங்கேதான் பார்த்தார், வேறெங்காவது இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. இதை இப்படியே சொல்லுங்கள்.